ரயில் போன நேரத்தில் வாசித்த இரண்டு பக்கம்

அன்று சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு. சுருட்டுச் சுற்றுகிறவர்கள் பதினொரு பேர். அவர்களில் மூன்று பேரைத்தான் நீங்கள் தனியே அறியவேண்டும்: வாசற்பக்கத்துப் பலகையில் புத்தூர் அண்ணை, அவருக்குப் பக்கத்தில் கொழும்புத்துறை அண்ணை, எதிர்ச்சுவரோடு பத்திரிகை அண்ணை. மற்ற எட்டுப் பேரும் கொக்குவிலும் அயலும். சுற்றிய சுருட்டுகளைக் கட்டாகக் கட்டுகிறவர் ஒருவர். மேசையில் கணக்கப்பிள்ளை. நடுவில், கவிழ்த்துவைத்த பெட்டியின்மேல், நான். முதலாளி அன்று வரவில்லை. வந்திருந்தால் நடந்தது நடந்திராது.

பெட்டியின்மேல் இருக்கிறவனுக்கு வேலை வாசிப்பது. சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்குக் கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, காது சும்மா இருக்கும். அதனால் அந்தக் காலத்துக் கொட்டில்களில் தங்களுக்குள் ஒருவனைப் பிடித்து இருத்தி வாசிக்கச் சொல்வார்கள். காலையில் பத்திரிகை, அது முடிந்தால் கதை. வாசிக்கிறவன் சுருட்டுச் சுற்றமுடியாது அல்லவா? அதற்காக ஆளுக்கு இருபத்தைந்து சுருட்டு அதிகமாகச் சுற்றிப் பின்னேரம் அவனுடைய பலகையில் கொண்டுவந்து வைப்பார்கள். அதுதான் அவனுக்குச் சம்பளம். முதலாளிக்கு இதில் நட்டமும் இல்லை, இலாபமும் இல்லை. கேட்கிறவர்களுக்கு வாசிப்புப் பிடிக்காமல் போனால் பலகை வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது வயது பத்தொன்பது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருடம். சுருட்டுச் சுற்ற எனக்குக் கை வரவில்லை. பயம் வந்தால் உள்ளங்கை வியர்க்கும், எனக்கு எப்போதும் பயம். நான் சுற்றியது ஒரு பக்கம் வீங்கியும் மற்றப் பக்கம் சூம்பியும் இருக்கும். கணக்கப்பிள்ளை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது சுருட்டோ, முருங்கைக்காயோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டிருக்கிறார். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும். என் முருங்கைக்காய்களை நம்பி நாங்கள் நாலு பேரும் சாப்பிடமுடியாது. முன்பு வாசித்துக்கொண்டிருந்தவர் கொழும்பில் ஒரு கடைக்குப் போய்விட, "தடக்காமல் வாசிக்கத் தெரிஞ்ச ஆர் இருக்கிறியள்?" என்று கேட்டார்கள். நான் கை தூக்கினேன். எந்தத் துணிச்சலில் தூக்கினேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தடக்காமல் வாசிப்பது எனக்குப் பள்ளிக்கூடம் தந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாய்பாடு, செய்யுள், வாசகப் புத்தகத்துப் பாடம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி, கண்ணை மூடி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் படிப்போம். தடக்கினால் பிரம்பு. பரிசோதகர் வரும் நாளில் நாங்கள் வாசிப்பதைப் பொறுத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பணம் வரும் என்று சொல்லி வாத்தியார் எங்களை நடுங்கவைத்திருந்தார். அந்த நடுக்கத்தில் நான் முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பரிசோதகர் ஒரு பக்கத்தைத் திறந்து என் கையில் தந்தார். எனக்கு அடுத்த பாடம் வாயில் வந்துவிட்டது. பசுவின் படத்தைப் பார்த்துக்கொண்டு ஒட்டகத்தைப் பற்றி ஒரு சொல் பிசகாமல் சொல்லிமுடித்தேன். பரிசோதகர் சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் என் தகப்பனார் செத்துப்போக, பள்ளிக்கூடமும் போயிற்று.

ஆகவே கொட்டிலிலும் எனக்குத் தெரிந்ததையே செய்தேன். பட்டணத்தில் ஒருவர் நாவல்களை வாடகைக்குக் கொடுப்பார். இந்தியாவிலிருந்து வந்த இரண்டு பாகக் கதை ஒன்றின் முதற்பாகத்தை எடுத்துவந்திருந்தோம். அன்றன்றைக்கு வாசிக்கவேண்டிய அத்தியாயத்தை விடியப்புறம் கிணற்றடியில் இருந்து நாலைந்து தரம் படிப்பேன். எங்கே மூச்சு எடுப்பது, எங்கே குரலை உயர்த்துவது, எந்தச் சொல்லில் நாக்குப் புரளும் எல்லாம் எனக்கு முன்னமே தெரியும். பெட்டியில் ஏறும்போது புத்தகம் பேருக்குத்தான் கையில் இருக்கும். ஒரு நாளும் நான் தடக்கியதில்லை. அதற்குமேல் ஒரு வாசிப்பு இருக்கமுடியும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

அப்படிப் படித்தது முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டேன். கொழும்புத்துறை அண்ணைக்கு நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் வந்தவர், கதை தன்னை விட்டுப் போய்விட்டதே என்று சோர்ந்திருந்தார். பின்னேரம் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, நான் பக்கத்தில் நடந்தபடியே நாலு அத்தியாயத்தையும் சொல்லுக்குச் சொல் சொன்னேன். தண்டவாளம் தாண்டி, கடைகள் தாண்டி, பட்டணத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம். "உனக்கு மண்டைக்குள்ளை அச்சுக்கூடமே வைச்சிருக்கிறாய், தம்பி?" என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் நான் திரும்பி நடந்த தூரம் எனக்குத் தெரியவில்லை.

குறை கண்டவர் புத்தூர் அண்ணை. கதையில் வருகிற பெண்ணின் தாய் சாகும் இடம் வந்துகொண்டிருந்தது. அதற்கு இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. அவர் தலை நிமிராமல், புகையிலையைக் கத்தரித்துக்கொண்டே, "சரி, தாய் சாகப்போறாள்" என்றார்.

"உமக்கெப்பிடித் தெரியும்?" என்று கட்டுக் கட்டுகிறவர் கேட்டார்.

"உவன்ரை குரல் முதலே செத்தவீட்டுக்குப் போயிட்டுது. நாங்கள் இப்பதான் வெளிக்கிடுறம்."

கொட்டில் முழுக்கச் சிரித்தது. தாய் செத்தாள். ஒருவருக்கும் அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. "கலியாணம் வருகுது, பெடியன் இளிக்கிறான்." "கள்ளன் பிடிபடப்போறான், பார், பெடியன் நிமிர்ந்து இருக்கிறான்." பத்தில் எட்டுத் தரம் சரியாகவே சொன்னார்கள். காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகக் குரலைத் தட்டையாக வைத்து வாசித்துப் பார்த்தேன். "என்ன, நாலாம் வாய்பாடோ?" என்றார் பத்திரிகை அண்ணை.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்குச் சந்தைக்கே கேட்கும் குரல். நான் பத்திரிகையில் ஒரு செய்தி வாசித்தால் அதன்மேல் தானே மூன்று செய்தி சொல்லுவார். கதை என்பது பெண்பிள்ளைகளுக்கு உரியது, பெட்டியில் தன்னை இருத்தினால் நாள்முழுக்கப் பத்திரிகையே வாசிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அதை அவர் மறைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கொட்டிலுக்குப் பின்னால் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே பேச்சுக் கேட்டது.

"வாற கிழமை பாப்பம். சரிவராட்டில் பெடியன் திரும்பப் பலகைக்குப் போகட்டும். ஓசியிலை இருபத்தைஞ்சு சுருட்டு ஆருக்குச் சுத்துறது?"

யார் சொன்னது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த முகத்தை நாளும் பார்க்கவேண்டிவரும். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றின் முன்னால் இருந்துகொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை முருங்கைக்காய் சுற்றினால் எத்தனை கொத்து அரிசி என்று பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் ஒரு தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தவேண்டிவரும்போல இருந்தது.

சனிக்கிழமை முதற்பாகம் முடிந்தது. மத்தியானமே பட்டணத்துக்கு ஓடினேன். இரண்டாம் பாகம் கையிலில்லை என்றார் வாடகைக்காரர். திங்கட்கிழமை வெறுங்கையோடு, என்ன சொல்வது என்று வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டு கொட்டிலுக்குப் போனேன்.

நான் வாய் திறக்குமுன் கணக்கப்பிள்ளை மேசை லாச்சியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். கையே படாத புதுப் புத்தகம். அட்டையில் 'இரண்டாம் பாகம்' என்று இருந்தது.

"எல்லாரும் சேர்ந்து வாங்கினது. ஒரு ரூபா நாற்பது சதம். ஆளுக்குப் பத்துச் சதம்" என்றார். "வடிவாய்க் கேளும். புத்தகம் கொட்டிலை விட்டு வெளியிலை போகாது. பின்னேரம் லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டுறது. திறப்பு என்னட்டை."

நான் கெஞ்சினேன். "நான் ஒருக்காப் பாத்திட்டு, மத்தியானத்துக்குப் பிறகு வாசிக்கிறனே?"

"அந்த ஒருக்காப் பாக்கிற வேலைதான் வேண்டாம்" என்றார் புத்தூர் அண்ணை. "முந்திப்போய்க் கலியாணவீட்டிலை வயிறுமுட்டச் சாப்பிட்டுப்போட்டு வந்து எங்களுக்குக் கறியின்ரை பேரைச் சொல்லுறாய். இண்டைக்கு எங்களோடை ஒரே பந்தியிலை இரு."

பெட்டியில் ஏறினேன். முதல் வரியிலேயே தடக்கினேன். நீளமான ஒரு சொல்லைத் தப்பான இடத்தில் வெட்டி, அது வேறொரு பொருள் தர, இரண்டு பேர் வேலையை விட்டுச் சிரித்தார்கள். "வண்டில் புரளுது, பிடியுங்கோ!" என்றார் பத்திரிகை அண்ணை. என் பெருவிரல் ஈரம் பக்கத்தின் ஓரத்தில் பதிந்தது. புதுப் புத்தகத்தைப் பழுதாக்கிவிட்டேனே என்று அதுவேறு பயம். எங்கே குரலை உயர்த்துவது என்று தெரியவில்லை. அடுத்த வரியில் யார் வரப்போகிறார்கள் என்றே தெரியாதே. மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வியைப் பதில்போல வாசித்துவிட்டுத் திரும்பவும் கேள்வியாக வாசித்தேன். ஐந்தாம் பக்கம் வரை அப்படித்தான் போயிற்று. பத்திரிகை அண்ணை கால்களை நீட்டி வசதியாக இருந்தார், பெட்டி தன்னிடம் வந்துவிட்டது என்பதுபோல.

ஆறாம் பக்கத்தில் மழை தொடங்கியது. கதையில்தான். தாயில்லாத அந்த வீட்டில் பெண் தனியாக இருக்கிறாள். யாரோ ஒருவன் கதவைத் தட்டுகிறான். "யார்?" என்கிறாள். "நான்தான், அண்ணன்" என்று பதில் வருகிறது. அண்ணனோ கப்பலோடு கடலில் மூழ்கிப்போய்விட்டான் என்று முதற்பாகத்தில் கடிதம் வந்திருந்தது. அவள் விளக்கை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போகிறாள். தாழ்ப்பாளில் கையை வைக்கிறாள்.

அந்த இடத்தில் ரயில் வந்தது.

எங்கள் கொட்டில் தண்டவாளத்துக்கு அருகே. ரயில் வந்தால் யார் கத்தினாலும் கேட்காது. கூரை அதிர்ந்து புகையிலைத் தூள் தலையில் கொட்டும். அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது: வாசிக்கிறவன் வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிரவேண்டும், கடைசிப் பெட்டி போனதும் விரல் வைத்த சொல்லிலிருந்து தொடங்கவேண்டும். அன்றும் விரலை வைத்தேன். நிமிரத்தான் மறந்துவிட்டேன்.

அவள் கதவின் இடுக்கால் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெளியே ஒருவன் மழைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். உயரம் அண்ணனுடைய உயரம். தோளில் கிடப்பது அண்ணனுடைய சால்வை. "முகத்தைக் காட்டு" என்கிறாள். அவன் காட்டவில்லை. விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி அவன் கால்களைப் பார்க்கிறாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். இனி யாருக்கு ஒப்புவிக்கவேண்டும், எங்கே தடக்கும், யார் சிரிப்பார்கள் ஒன்றும் எனக்கு நினைவில் இல்லை. சோறும் பலகையும் தங்கச்சியும்கூட இல்லை. ரயில் போனதும் எனக்குத் தெரியாது. எழுத்துத் தெரிந்த நாளிலிருந்து அப்படி ஒரு வரியாவது நான் வாசித்ததில்லை. இரண்டு பக்கம் வாசித்தேன். கடைசியில் "சீ!" என்று வாய்விட்டுச் சொன்னேனாம்.

"என்னடா சீ?"

பத்திரிகை அண்ணையின் குரல். நிமிர்ந்து பார்த்தேன். பதினொரு பேரும் கையிலிருந்த சுருட்டை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"ரயில் காங்கேசன்துறைக்கே போய்ச் சேர்ந்திருக்கும். வாயைத் திறவடா!"

"உவன் எங்களை விட்டிட்டுத் தனியச் சாப்பிடுறான்" என்றார் கொழும்புத்துறை அண்ணை.

"கதவைத் திறந்தவளோ இல்லையோ? அதை மட்டும் சொல்லு" என்று பத்திரிகை அண்ணை பாதி எழும்பிவிட்டார்.

"சொல்லாதை! வாசி!" என்று நாலைந்து குரல். "நீர் இரும் ஐசே. பத்திரிகையிலை வரும், பாரும்" என்று அவரை ஒருவர் இழுத்து இருத்தினார்.

எல்லாம் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். பெட்டியிலிருந்து இறங்கி நின்றுகொண்டு, "குறை நினையாதேங்கோ, தெரியாமல் வாசிச்சுப்போட்டன்" என்றேன். வாசித்ததற்காக மன்னிப்புக் கேட்ட வாசிப்புக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். புத்தூர் அண்ணை கத்தரியைக் கீழே வைத்தார். அவர் கண்ணில் நீர். சிரித்துச் சிரித்து வந்தது.

"இரு மோனை. ரயில் வந்த இடத்திலையிருந்து வாசி."

வாசித்தேன். அந்த இரண்டு பக்கமும் இப்போது எனக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் இந்த முறை யாரும் முந்திக்கொண்டு கண்டுபிடிக்கவில்லை. அல்லது கண்டுபிடித்தும் சொல்லவில்லையோ தெரியாது. மூன்றாவது பக்கம் எனக்கும் புதிது. நான் தடக்கினால் அவர்கள் பொறுத்துக்கொண்டு காத்திருந்தார்கள், ஒருவரும் வண்டில் புரளுது என்று சொல்லவில்லை. வந்தவன் அண்ணன் இல்லை என்று கண்டு, அவள் கதவைத் திறக்காமல் பின்பக்கத்தால் ஓடியபோது கொட்டிலுக்குள் ஒரு பெருமூச்சு வந்தது. யாருடையது என்று பார்த்தால் பத்திரிகை அண்ணையுடையது.

பின்னேரம் என் பலகைப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் எழும்பிக் கை கழுவும்வரை வெளியே நின்றேன். பிறகு போய் எண்ணினேன். பயத்தில் பிழைவிட்டிருப்பேன் என்று திரும்பவும் எண்ணினேன். இருநூற்று எழுபத்தைந்து. பதினொரு பேரும் வைத்திருந்தார்கள். பத்திரிகை அண்ணையின் சுருட்டு எனக்குத் தெரியும், நுனி மற்றவர்களுடையதைவிடக் கூராக இருக்கும். அதுவும் இருபத்தைந்து இருந்தது. பெட்டியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை. தங்கச்சி பள்ளிக்கூடம் போனாள். பிறகு வாத்தியாரம்மாவாகவும் வந்தாள்.

யுத்தம் வந்து கடதாசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது புதுப் புத்தகம் வருவது நின்றுவிட்டது. பழையவற்றையே திரும்ப வாசித்தோம். இந்தப் புத்தகத்தையும் மூன்று தரமாவது வாசித்திருப்பேன். கதவடியில் நிற்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த இடம் வந்தால் கைகள் நின்றுவிடும். ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது நான் வாசிப்பதில் முக்கால்வாசி மறந்துபோகிறது. முன்பென்றால் அதை நினைத்தே நித்திரை வராது. இப்போது புத்தகத்தை மூடிவிட்டு, நல்லாயிருந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டு படுக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர்கூட மறந்துவிட்டது. கதவிடுக்கால் வந்த மழைக்காற்று மறக்கவில்லை. அந்தப் பதினொரு பேருக்கும், புத்தகத்தைப் பூட்டிவைத்த கணக்கப்பிள்ளைக்கும், ஏன், அந்த ரயிலுக்கும்கூட நான் நன்றி சொல்லவேண்டும். வாத்தியாருக்கும் சொல்லவேண்டியதுதான். எழுத்தைத் தந்தவர் அவர்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை நான் எண்ணிமுடித்து நிமிர்ந்தபோது, கணக்கப்பிள்ளை புத்தகத்துக்குக் காசு போட்டவர்களின் பட்டியலைக் காட்டினார். கடைசியில் என் பெயரும் இருந்தது.

"நான் காசு தரேல்லையே?" என்றேன். "வாசிக்கிறவனுக்கும் பங்கோ?"

"வாசிக்கிறவனுக்கு ஏன் பங்கு? கேக்கிறவைக்குத்தான். புத்தூரார் வாங்கின அண்டைக்கே உம்மடை பங்கையும் சேர்த்துப் போட்டிட்டார்."

அடுத்த சம்பளத்தன்று பத்துச் சதத்தைப் புத்தூர் அண்ணையிடம் நீட்டினேன். "வைச்சிரு, அடுத்த புத்தகத்துக்கு உதவும்" என்றார். அடுத்த புத்தகத்துக்கு என் பங்கை நானே போட்டேன். இந்தப் பத்துச் சதக் கடன் அப்படியே நின்றது. சில வருடங்களில் அவருக்கு விரல்கள் மடங்காமல் போக, புத்தூரில் தன்னுடைய வெங்காயத் தோட்டத்தோடு இருந்துவிட்டார். ஒருநாள் காசைத் தனியாக மடியில் முடிந்துகொண்டு பஸ் ஏறிப் போனேன். அவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வரம்பில் குந்திக்கொண்டு, அவர் கொட்டிலை விட்டுப் போன பிறகு வாசித்த கதைகளைச் சொன்னேன். மறந்த இடங்களை இட்டுக்கட்டிச் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "பிறகு? பிறகு?" என்று கேட்டார். பொழுது சாய ஒரு பிடி வெங்காயத்தோடு பஸ் ஏறினேன். கொக்குவிலில் இறங்கும்போதுதான் மடியில் காசு தட்டுப்பட்டது. எதையும் மறந்து பழக்கமில்லாத நான் அதை மறந்துவிட்டு வந்திருந்தேன்.

அவருடைய செத்தவீட்டுக்கும் அதைக் கொண்டுபோனேன். மகனிடம் கொடுக்க நினைத்து, அந்த நேரத்தில் இதை நீட்டினால் என்ன நினைப்பானோ என்று பயந்து கையை மடக்கிக்கொண்டேன். இன்றைக்கும் புத்தூர் அண்ணைக்கு நான் கொடுக்கவேண்டியது பத்துச் சதம்.